ஒரே அறையில் மூன்று பிரதிகள்

சமூகவியலாளர் எம். என். சீனிவாஸின் கிராமக் குறிப்புகள் தீயில் போய்விட்டன, அவர் நினைவிலிருந்தே புத்தகம் எழுதினார் என்று சமூகவியல் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். கதை பாதிதான் சரி.

மைசூரில் தலைமுறைகளாக வேரூன்றிய தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பத்தில் 1916-இல் பிறந்தவர் சீனிவாஸ். மும்பையில் சமூகவியலாளர் குர்யேயிடம் படித்து, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு போனார். அங்கே விரிவுரையாளர் வேலை கிடைத்ததும், முதல் ஆண்டைக் கள ஆய்வுக்கே செலவிட அனுமதித்தார்கள். 1948-இல் மைசூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் போய்த் தங்கினார். எழுத்தில் அதற்கு அவர் வைத்த பெயர் ராம்புரா.

ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு பேர் வாழ்ந்த ஊர். நிலமும் அதிகாரமும் ஒக்கலிகர் கையில். கொல்லர், குயவர், நாவிதர், வண்ணார் என்று மற்றவர்களுக்கு ஆளுக்கொரு தொழில். வருஷம் முழுக்க வேலை செய்துவிட்டு அறுவடையில் தானியமாகக் கூலி வாங்குவார்கள். யார் யாருக்குச் செய்கிறார், எவ்வளவு நெல் அளக்கிறார்கள், எந்த வீட்டோடு மனஸ்தாபம் என்று சீனிவாஸ் எழுதி எழுதிச் சேர்த்தார். சாதியைவிட்டு ஒருவரை ஒதுக்கினால் நாவிதரும் வண்ணாரும் அந்த வீட்டுக்குப் போகமாட்டார்கள். சவரமும் வெளுப்பும் அப்போது தண்டனையாகிவிடும். வண்ணார் சாதிக்குள் நடந்த ஒரு தகராறைப் பற்றி 1954-இல் தனிக் கட்டுரையே வெளியிட்டார்.

அந்தக் காலத்தில் மலாயாவில் நம் நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலும் தொழில் தாளில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. பால்மரம் வெட்டுபவர், கங்காணி, கணக்கு எழுதும் கிராணி, மருந்து தரும் டிரெசர் என்று அங்கேயும் மேலும் கீழுமாக ஓர் உலகம். ஆனால் தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலுக்கு வேண்டியது பேரும் வேலை நாளும் சம்பளமும். கங்காணியோடு யாருக்கு என்ன பகை என்பதை எந்தக் கிராணியும் அதில் எழுதமாட்டார். சீனிவாஸின் நோட்டில் அதற்கும் இடம் இருந்தது.

1952 கோடையில் திரும்பவும் ராம்புராவுக்குப் போய் விட்டதைச் சேர்த்தார். அதற்குள் பரோடாவில் துறைத்தலைவர். 1959-இல் டெல்லியில் புதிய சமூகவியல் துறையைத் தொடங்கும் பொறுப்பு. பாடம், கூட்டம், நிர்வாகம் இவற்றுக்கு நடுவே நாட்குறிப்பில் சிதறிக் கிடந்ததைத் தலைப்புவாரியாகப் பிரித்து ஒழுங்குபடுத்தும் வேலையும் நடந்தது. பதினெட்டு வருஷம் பிடித்தது. பார்ப்பவர்களுக்கு அது குமாஸ்தா வேலை. எந்தச் சண்டையை நிலத்தகராறில் சேர்ப்பது, எதைச் சாதியில் சேர்ப்பது என்று முடிவெடுக்கும்போதே பாதி ஆய்வு முடிந்துவிடுகிறது என்பது செய்தவருக்குத்தான் தெரியும்.

ஒருவழியாகப் புத்தகத்தை எழுதி முடிக்க ஸ்டான்ஃபோர்டில் உள்ள ஆய்வு மையத்துக்குப் போனார். ஒழுங்குசெய்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் உடன் போயின. மூன்றும் ஒரே அறையில். ஒன்றையாவது டெல்லியில் விட்டுவைத்திருக்கலாம் என்று இன்றைக்கு நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். வியட்நாம் போர் எதிர்ப்பில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரம். 1970 ஏப்ரல் 24 அன்று அடையாளம் தெரியாத சிலர் மையத்துக்குத் தீ வைத்தார்கள். அவருடைய அறை எரிந்து சாம்பலானது.

அசல் களக் குறிப்புகள் டெல்லியில் பத்திரமாக இருந்தன. அவற்றை மைக்ரோஃபிலிம் எடுத்து அனுப்பிவைத்தார்கள். எரிந்தது அந்தப் பதினெட்டு வருஷ உழைப்பு.

சிகாகோ மானிடவியலாளர் சால் டாக்ஸ்தான், குறிப்பே இல்லாமல் நினைவிலிருந்து எழுதிப் பாருங்களேன் என்று தூண்டினார். அப்படி வந்ததுதான் 1976-இல் வெளியான ‘தி ரிமெம்பர்ட் வில்லேஜ்’. அட்டவணைகளுக்குப் பதில் அதில் ஆட்கள் நடமாடுகிறார்கள். ஊர்த்தலைவரும், ஆய்வுக்கு ஒத்தாசையாக இருந்த குள்ளே கவுடரும் நாவல் பாத்திரங்களைப்போல் நிற்கிறார்கள். தீ இல்லாவிட்டால் இப்படி ஒரு புத்தகம் கிடைத்திருக்காது என்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. நெருப்புக்கு நன்றி சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. நினைவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று துறைக்குள்ளேயே சர்ச்சை எழுந்தது. 1978-இல் இந்தியச் சமூகவியல் ஆய்விதழ் ஒன்று இந்தப் புத்தகத்தை விவாதிக்கவே சிறப்பிதழ் போட்டது.

சீனிவாஸ் 1999-இல் பெங்களூரில் காலமானார். அந்த மூன்று பிரதிகளை வைத்து எழுத நினைத்த ஆய்வு நூல் கடைசிவரை வரவில்லை.