எழுதப் படிக்கத் தெரியாமல் எழுத்தாளரானவர்!
மறக்கலாகாத மங்கையர் – வை.மு. கோதைநாயகி அம்மாள்

திருவல்லிக்கேணியில் ஒரு வீடு. மதியச் சாப்பாட்டுக் கடை ஒழிந்த நேரம். ஓர் இளம் மருமகள் நாடகம் ஒன்றை வாயால் சொல்லிக்கொண்டே போகிறாள். எதிரே உட்கார்ந்து அதைத் தாளில் எழுதிக்கொள்கிறாள் பட்டம்மாள் என்ற தோழி. ராஜா வந்தால் ராஜாவின் குரல், தோழிப் பெண் பேசினால் அவள் குரல். நடுநடுவே பாட்டு வேறு. எழுதுகிறவளுக்குக் கை வலிக்கும். சொல்கிறவளுக்கோ வாய் ஓயாது. கதையெல்லாம் தலைக்குள் இருக்கிறது, ஆனால் அதைத் தாளில் இறக்க எழுத்து தெரியாது. இப்படி உருவானதுதான் 'இந்திர மோகனா' நாடகம். 1924-ல் அது அச்சேறிப் பாராட்டும் பெற்றது. சொன்னவர் வை.மு. கோதைநாயகி அம்மாள்.

அவர் பிறந்தது 1901 டிசம்பர் 1. கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்து, பாட்டி, சித்தப்பா அரவணைப்பில் வளர்ந்தார். ஐந்தரை வயதில் கல்யாணம். மாப்பிள்ளை வை.மு. பார்த்தசாரதிக்கு அப்போது வயது ஒன்பது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே புக்ககம் போனார். நல்லவேளை, போன இடம் தமிழும் பிரபந்தமும் புழங்கிய வைணவக் குடும்பம். திருவாய்மொழியைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார். நாடகம் பார்க்கக் கணவர் அழைத்துப் போவார். பார்த்ததையும் கேட்டதையும் கலந்து, சுற்றியிருந்த பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வார் கோதை. எழுதவே வராத மனைவி நாடகம் கட்டுகிறாள் என்று தெரிந்ததும், அந்தக் காலத்துக் கணவர் 'உனக்கெதற்கு இந்த வேலை?' என்றுதான் கேட்டிருக்க வேண்டும். பார்த்தசாரதி கேட்கவில்லை. கடைசிவரை மனைவிக்குப் பக்கபலமாக நின்றார்.

பத்திரிகை முதலாளி

கதையை எழுதிக் கொடுத்த பட்டம்மாளிடமே எழுத்தும் கற்றுக்கொண்டார் கோதைநாயகி. அடுத்து 'வைதேஹி' என்ற நாவல். அன்றைய பிரபல நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊக்கமும் தொடக்கத்தில் கிடைத்தது. நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' பத்திரிகையை 1925-ல் வாங்கி நடத்தத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. ஓராண்டுக்கு முன்புவரை தோழி கையால் எழுதிக்கொண்டிருந்தவர் இப்போது ஆசிரியர், வெளியீட்டாளர், தொடர்கதை எழுத்தாளர் எல்லாமே ஆனார்.

அக்கம்பக்கத்தில் சும்மா விட்டுவிடவில்லை. குடும்பப் பெண்ணுக்குப் பத்திரிகை எதற்கு என்று ஏசினார்கள், எள்ளினார்கள். அவர் அசரவில்லை. அடுத்த இதழுக்கு அத்தியாயம் கொடுத்தாக வேண்டுமே, பதில் சொல்ல நேரமேது? 'பத்மசுந்தரன்', 'ராதாமணி', 'கௌரிமுகுந்தன்', 'நவநீதகிருஷ்ணன்' என்று வரிசையாக வந்தன. மொத்தம் 115 நாவல்கள். பிறகு சொந்தமாக அச்சகமும் வைத்துக்கொண்டார். உலகப் போர்க்காலத்துக் காகிதப் பஞ்சத்தையும் தாண்டி, ஏறக்குறைய 35 ஆண்டுகள் ஜகன்மோகினியைக் கட்டிக் காத்தார். வாசகர்கள் அவருக்குக் கொடுத்த பட்டங்களில் ஒன்று 'நாவல் ராணி'.

அவர் கதைகளில் விதவைகளின் துயரம், வரதட்சிணை, குடி, பெண் கல்வி எல்லாம் வரும். நல்லவர்கள் ரொம்ப நல்லவர்கள், கெட்டவர்கள் கடைசியில் திருந்திவிடுவார்கள். இலக்கிய விமரிசகர்கள் உதட்டைப் பிதுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வாசல்படி தாண்டாத பெண்கள் மாதாமாதம் காத்திருந்து படித்தார்கள். ஒருத்தி உரக்க வாசிக்க, படிக்கத் தெரியாத நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பது அன்றைய வீடுகளில் சகஜம். கேட்டே வளர்ந்த கோதைநாயகிக்கு, கேட்பவர்களுக்கு எப்படிக் கதை சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

பட்டிலிருந்து கதருக்கு

1925-ல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது அவரைச் சந்தித்தார் கோதைநாயகி. அதுவரை பட்டும் நகையுமாக வலம் வந்தவர் அதன்பின் கதருக்கு மாறினார். அம்புஜம்மாள், ருக்மிணி லட்சுமிபதி போன்ற தலைவர்களோடு நெருங்கிப் பழகினார். கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி பகிஷ்காரம் என்று தெருவில் இறங்கினார். 1930-களின் தொடக்கத்தில் சிறைவாசமும் வந்து சேர்ந்தது. சிறைக்குள்ளும் கதை நிற்கவில்லை, எழுதிக்கொண்டேயிருந்தார். வெளியே ஜகன்மோகினியும் நிற்கவில்லை, கணவர் பார்த்துக்கொண்டார்.

காங்கிரஸ் மேடைகளில் அவர் பேசுகிறார் என்றால் கூட்டம் சேரும். எடுத்த எடுப்பில் பிரசங்கம் செய்ய மாட்டார். முதலில் ஒரு பாட்டு, பெரும்பாலும் தேச பக்திப் பாட்டு. ஒலிபெருக்கி எட்டாத கடைசி வரிசைக்கும் எட்டும் கணீர்க் குரல். அப்புறம் ஒரு குட்டிக் கதை. கதையில் சொக்கி உட்கார்ந்திருக்கும்போதே கதரும் மதுவிலக்கும் உள்ளே புகுந்துவிடும். திருவல்லிக்கேணிப் பிள்ளைகளிடம் பழகிய வித்தைதானே!

அந்தக் குரல் கிராமபோன் தட்டுகளிலும் பதிவாயிற்று. பிராமணக் குடும்பத்துப் பெண்கள் மேடையேறிப் பாடுவது கூடாது என்று இருந்த காலத்தில், டி.கே. பட்டம்மாள் என்ற சிறுமி பலர் முன் பாடுவதற்குத் தூண்டுகோலாக இருந்தவர்களில் கோதைநாயகியும் ஒருவர். தான் நுழைந்த கதவைத் திறந்தே வைத்திருந்து மற்றவர்களையும் உள்ளே அழைத்தவர் அவர்.

திரையுலகும் அவர் கதைகளைத் தேடி வந்தது. 'ராஜமோகன்' 1937-லும், 'அநாதைப் பெண்' 1938-லும் படமாயின. 'தயாநிதி' நாவல்தான் பின்னாளில் பத்மினி நடித்த 'சித்தி'. கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய அந்தப் படம் 1966-ல் வந்து வெற்றிக்கொடி நாட்டியது. அதைப் பார்க்கத்தான் கதாசிரியை இல்லை.

ஓய்ந்த குரல்

காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட 1948-ல் 'மகாத்மாஜி சேவா சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். தையல், சங்கீதம், இந்தி என்று பெண்கள் சொந்தக் காலில் நிற்பதற்கான வகுப்புகள் அதில் நடந்தன. நாடு விடுதலை பெற்றாயிற்று, இனி பதவி கேட்கலாம் என்று அவர் கிளம்பவில்லை.

எதற்கும் கலங்காதவரை 1956-ல் ஒரு சாவு சாய்த்துவிட்டது. ஒரே மகன் சீனிவாசன் இறந்துபோனார். அதன்பின் அம்மாள் பழைய அம்மாளாக இல்லை. காசநோயும் பற்றிக்கொண்டது. 1960 பிப்ரவரி 20-ல், தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் காலமானார். வயது ஐம்பத்தெட்டு.

அவர் நாவல்களில் எத்தனை காலத்தை வெல்லும் என்று கேட்டால், சிலவே என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவரை அந்தத் தராசில் மட்டும் நிறுத்துவது நியாயமாகாது. தமிழ்ப் பெண்கள் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கிப் படிப்பதும், எழுதி அனுப்புவதும், மேடையில் நின்று பேசுவதும் இயல்பான காரியம் என்று ஆக்கிக் காட்டியவர்களில் அவர் முதல் வரிசை. பின்னால் வந்த பெண் எழுத்தாளர்கள் எல்லோருக்கும் அவர் கடன் கொடுத்தவர்.

தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்துத் தைத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் பாட்டிமாருக்கு உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு ஜகன்மோகினி தொகுப்பு கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள நல்ல நூலகம் ஒன்றில் சேர்த்துவிடுங்கள்.

(தொடரும்)