ஆனதோத்தின் நிலம்

ஒவ்வொரு நாளையும் இறுதி நாளாக எண்ணி வாழ வேண்டும் என்ற அறிவுரை கிறித்தவ மரபில் மிகப் பழையது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்குநூல், மரணத்தை நாள்தோறும் கண்முன் நிறுத்திக்கொள்ளும்படி பணிக்கிறது. இவ்வறிவுரையை நாம் பெரும்பாலும் இரு விதமாகவே புரிந்துகொள்கிறோம். உலகம் நிலையற்றது, ஆகவே அதிலிருந்து விலகி நில் என்பது ஒன்று. நாளை என்பது இல்லை, ஆகவே இன்றே உண்டு களித்துவிடு என்பது மற்றொன்று. இந்த இரண்டாம் மனநிலையைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலேயே எடுத்துக்காட்டிக் கண்டிக்கிறார். எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் இவ்விரண்டும் ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன: இரண்டுமே நாளையைக் கைவிட்டுவிடுகின்றன.

நாளையைக் கைவிடாமல் இறுதி நாளை வாழ முடியுமா? ஜெர்மானிய லுத்தரன் போதகர் டீட்ரிஹ் போன்ஹோஃபரின் கடைசி ஆண்டுகள் இக்கேள்விக்கான விடை என்றே நமக்குத் தோன்றுகிறது.

1906இல் பிறந்த போன்ஹோஃபர், 1939 ஜூனில் நியூயார்க் சென்றார். அங்கேயே தங்கியிருந்தால் போரிலிருந்து தப்பியிருக்கலாம். ஆனால் தன் மக்களின் துன்பத்தில் பங்கேற்காதவனுக்குப் பின்னர் அவர்களின் மறுவாழ்வில் பங்கேற்க உரிமையில்லை என்று கருதி, மறு மாதமே நாடு திரும்பினார். ஹிட்லரின் ஆட்சியை வீழ்த்த முயன்ற இரகசியக் குழுவில் இணைந்தார்.

1942ஆம் ஆண்டின் முடிவில், ஹிட்லர் ஆட்சி தன் பத்தாம் ஆண்டை நிறைவு செய்யவிருந்த வேளையில், நெருங்கிய நண்பர்கள் சிலருக்காக அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதன் ஒரு பிரதி அவருடைய பெற்றோரின் வீட்டுக் கூரை ஓடுகளுக்கும் உத்திரங்களுக்கும் இடையே ஒளித்து வைக்கப்பட்டது. எந்த நாளும் கைது செய்யப்படலாம் என்ற நிலையில் இருந்த ஒருவர் அதில் சொல்வது வியப்புக்குரியது. ஒவ்வொரு நாளையும் கடைசி நாளாகக் கருதுவதும், நெடிய எதிர்காலம் ஒன்று காத்திருப்பதைப் போன்ற பொறுப்போடு அந்நாளில் செயல்படுவதும் ஒருங்கே நிகழ வேண்டும் என்கிறார். தீர்ப்பு நாள் வந்தால் கையிலுள்ள பணியை வைத்துவிடலாம், அதுவரை வைக்கலாகாது என்பது அவர் கருத்து.

இதற்கு அவர் காட்டும் சான்று எரேமியா தீர்க்கதரிசி. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் வீழும் என்று முன்னுரைத்ததற்காகவே எரேமியா சிறையில் இருக்கிறார். அந்நிலையில் அவர் ஆனதோத் ஊரிலுள்ள ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு விலைக்கு வாங்குகிறார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, நெடுநாள் அழியாதிருக்க அதை மண்பாண்டத்தில் இட்டு வைக்கச் சொல்கிறார்.

போன்ஹோஃபரும் தம் நிலத்தை வாங்கினார். 1943 ஜனவரியில், 18 வயது மரியா ஃபான் வேடமயருடன் அவருக்குத் திருமணம் நிச்சயமானது. ஏப்ரல் 5ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். பெர்லினின் டேகல் சிறையிலிருந்து அவளுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் அதே எரேமியாவை நினைவுகூர்ந்து, தங்கள் திருமணம் இப்பூமிக்குச் சொல்லும் சம்மதம் என்று பொருள்பட எழுதினார். மே மாதத்தில் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேயின் திருமணத்திற்காகச் சிறையிலிருந்தே ஒரு பிரசங்கம் எழுதினார். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்று, தப்பும் வழிகள் அடைபட்ட பிறகும், வருங்காலத் திருச்சபை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

1945 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை. பவேரியாவின் ஷோன்பெர்க் சிற்றூரில், பள்ளிக் கட்டடமொன்றில் அடைக்கப்பட்டிருந்த உடன் கைதிகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க வழிபாடு நடத்தினார். உயிருள்ள நம்பிக்கையைப் பற்றிப் பேதுரு எழுதிய வசனமும் அன்று அவர் விளக்கியவற்றுள் ஒன்று. வழிபாடு முடிந்த சற்று நேரத்தில் அவரை அழைத்துச் சென்றனர். மறுநாள் காலை ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். வயது 39. அடுத்த இரண்டு வாரங்களில், ஏப்ரல் 23 அன்று, அமெரிக்கப் படை அம்முகாமை விடுவித்தது.

அத்திருமணம் நடக்கவேயில்லை. அப்படியானால் அவர் வாங்கிய நிலம் வீணாயிற்றா? எரேமியாவும் தம் நிலத்தை உழுது பயிரிட்டதாக வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. அவர் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். மண்பாண்டத்திலிருந்த பத்திரம் வாங்கியவருக்காக அன்றி, பின்வருவோருக்காகவே எழுதப்பட்டது. கூரையிடையே இருந்த கட்டுரை போருக்குத் தப்பியது. பெத்கே அதனைச் சிறைக் கடிதங்களோடு சேர்த்து 1951இல் வெளியிட்டார்.

இறுதி நாளை வாழ்வது என்பதை இப்போது நாம் வேறு விதமாகக் கேட்டுக்கொள்ளலாம். இன்றோடு எல்லாம் முடியுமெனில் எதை விட்டுவிடுவோம் என்பதல்ல கேள்வி. நாம் காணப்போகாத நாளைக்காக இன்று எந்த நிலத்தை வாங்கப்போகிறோம் என்பதே.