தேடுபொறி

இணையத்தில் பரந்து கிடக்கும் பக்கங்களுள் வேண்டியதைச் சொல்லைக் கொண்டு கண்டெடுத்துத் தரும் கணினி ஏற்பாடு. இவற்றுள் முதலாவது எது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. 1990இல் மான்ட்ரீல் நகரத்து மெக்கில் சர்வகலாசாலையில் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய ஆர்ச்சியையே பலர் கூறுவர். அது கோப்புகளின் பெயரை மட்டுமே அறிந்ததாதலின், 1993இல் பக்கங்களைத் தானே சுற்றித் திரட்டிய ஜம்ப்ஸ்டேஷனுக்கு அச்சிறப்பை அளிப்பாரும் உளர். வெப்கிராலர் (1994), ஆல்டாவிஸ்டா (1995) முதலியன பின்வந்தவை.

1908இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த நீலகிரி கெசட்டியரில் அம்மலைப் பழங்குடியினரான தோடரைப் பற்றி அறிய விரும்புவோர் முழு நூலையும் வாசியாது, இறுதியிலுள்ள சொல்லடைவில் பக்க எண்ணைப் பார்த்துத் திருப்பிக்கொள்வது போலவே, தேடுபொறியும் சிலந்தி எனப்படும் நிரல்கள் திரட்டிய பக்கங்களுக்கு முன்கூட்டியே அடைவு அமைத்து வைக்கிறது. "அவலாஞ்சி மழை" என்று கேட்டால், எங்கும் வரும் மழையைவிட அரிதாய் வரும் அவலாஞ்சி என்னும் இடப்பெயருக்கே மதிப்பு அதிகம்; இந்த நியாயத்தைக் காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் நிறுவினார். பிற பக்கங்கள் சுட்டும் இணைப்புகளைக் கொண்டு தரம் பிரிக்கும் முறையை 1998இல் லாரி பேஜ், செர்கே பிரின் ஆகியோர் கூகுளில் பிரயோகித்தனர்.

தமிழைப் பொறுத்தவரை நெடுங்காலம் இடையூறாயிருந்தது எழுத்தின் குறியீடே. பத்திரிகைகள் தத்தமக்கென ஒவ்வோர் எழுத்துருவை வைத்துக்கொண்டு, ஒரே 'க'வுக்கு ஒன்று ஓர் எண்ணையும் மற்றொன்று வேறோர் எண்ணையும் வழங்கிய நாட்களில், வாசகர் கண்ணுக்குச் செந்தமிழாய்த் தோன்றிய பக்கம் பொறியின் கண்ணுக்குப் பொருளற்ற ரோமானியக் கிறுக்கலாகவே இருந்தது. இதை நீக்கப் பல நாட்டுத் தமிழ் அன்பர்கள் மின்னஞ்சல் வாயிலாக விவாதித்துத் திஸ்கி என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியீடுகள் வந்தன. 1991இலேயே தமிழுக்கு இடமளித்திருந்த, உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடு பின்னர் வியாபகம் பெற்றது. 2010இல் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றது. இவற்றுள் எது தமிழின் இயல்புக்கு ஏற்றது என்ற வாதம் முற்றிலும் ஓய்ந்ததாகக் கூறவியலாது.

அடுத்த சிரமம் சொல்லின் உருமாற்றம். "தோட்டம்" என்று தேடுவோருக்குத் தோட்டத்தில், தோட்டத்துக்கு, தோட்டங்களிலிருந்து என வருவனவும் கிட்டவேண்டுமாயின் பொறி வேற்றுமை உருபையும் சாரியையையும் பிரித்தறிதல் அவசியம். அண்ணா பல்கலைக்கழகமும் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் இத்துறையில் உழைத்தன. இவை பங்குகொண்ட, இந்திய மொழிகளுக்கான சந்தான் என்னும் பொறி சுற்றுலாச் செய்திகளையே விஷயமாகக் கொண்டது. அத்தகைய பொறிக்கு ஊட்டி நல்ல பரீட்சை: அவ்வூரை உதகை என்றும் உதகமண்டலம் என்றும் எழுதுவதால், "உதகை மலை ரயில்" என்று கேட்பவருக்கு "ஊட்டி" என்றிருக்கும் பக்கத்தையும் எடுத்துத்தர வேண்டும்.

அண்மையில் குரலால் தேடுவதும், பக்கங்களின் பட்டியலுக்கு மேலே விடையையே இயற்றிக் காட்டுவதும் வழக்கில் வந்துள்ளன.