வேலியோரத்துக் குடிநீர்



'குடிநீர்' என்று இன்று ஒருவர் கூறக் கேட்டால், நம் மனக்கண்முன் வருவது குழாய் நீரும் போத்தல் நீருமேயாகும். ஆனால், நம் முன்னோர் எழுதிவைத்த சித்த மருத்துவ நூல்களைத் திறந்து பார்ப்பீர்களாயின், அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டென்பதைக் காண்பீர்கள். வேர், பட்டை, இலை, பூ, விதை முதலியவற்றை நீரிலிட்டு, அந்நீர் நாலொன்றாகவோ எட்டொன்றாகவோ வற்றும்வரை காய்ச்சி வடித்தெடுப்பதே அங்கே குடிநீர் எனப்படுவது. ஆடாதோடைக் குடிநீர், நிலவேம்புக் குடிநீர் என்னும் பெயர்கள் இன்றும் வைத்தியர் வாயில் வழங்குகின்றன. பொதுவழக்கிலோ அப்பொருள் மங்கிவிட்டது. பொருளோடு பழக்கமும் மங்கிற்றா என்பதே இன்று நாம் ஆராயவேண்டிய வினா.

யாழ்ப்பாணத்து மன்னர் காலத்து மருத்துவ நூல்களாகச் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் இரண்டும் போற்றப்படுகின்றன. ஏட்டில் இருந்த பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையா அவர்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சேற்றி அழியாது காத்தார். எனினும், நூல் கற்றவர் சிலர். குடிநீர் காய்ச்சியவர் பலர். ஊர்ப் பரியாரியார் சொல்லக் கேட்டும், தாயார் செய்யப் பார்த்தும் பழகிய பெண்மக்களே இக்கலையின் மெய்யான காவலர். தடிமன் கண்டால் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும், உடற்சூடு கண்டால் நன்னாரி வேர், நீர்க்கடுப்புக்குத் தேங்காய்ப்பூக்கீரை, களைப்புத் தீர ஆவரசம்பூ. இவற்றுள் பல கடைச்சரக்கல்ல. வேலியோரத்தில் தாமாக முளைப்பவை.

நம் சிங்களச் சகோதரரிடையே இப்பழக்கம் நிலைபெற்றதற்குச் சமயமும் ஒரு காரணமாயிற்று. புத்த பிக்குகள் நண்பகலுக்குப் பின் உணவு கொள்ளலாகாது என்பது விநய விதி. ஆயின், பழச்சாறு முதலிய சில பானங்களை அருந்த அவ்விதி இடங்கொடுக்கின்றது. ஆதலால், மாலை வேளையில் பிக்குகளுக்குப் பானம் அளித்தல் அடியார்க்கு ஒரு கடமையாயிற்று. 'கிலன்பச' என அவர்கள் வழங்குவது இதனையே. ஆவரசம்பூவை 'ரணவரா' என்றும், வில்வம்பூவைப் 'பெலிமல்' என்றும் கூறி, அவற்றைக் கொதிநீரிலிட்டு, ஒரு துண்டு வெல்லத்தோடு வருவோர்க்கெல்லாம் வழங்கும் வழக்கத்தை விகாரைத் திருவிழாக்களில் நாம் இன்றும் காணலாம். நம் கோயில்களின் தண்ணீர்ப் பந்தலும் இவ்வறத்தின் உடன்பிறப்பே. தாகந் தீர்த்தல் எங்கே கடமையாகக் கருதப்பட்டதோ, அங்கே பானமும் வாழ்ந்தது.

மொழியால் வேறுபட்ட இரு மக்களும் அடுப்பங்கரையில் எவ்வளவு அண்மையில் நின்றனர் என்பதற்குப் 'பஸ்பங்குவ' ஒரு சான்று. ஐந்து பங்கு என்பது அதன் பொருள். காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் சிங்கள மக்கள் காய்ச்சும் இக்குடிநீரில் கொத்தமல்லி, இஞ்சி, மரமஞ்சள், கண்டங்கத்தரி, பற்படாகம் ஆகியவை சேர்கின்றன. இறுதியிற் சொன்னதை அவர்கள் 'பத்படகம்' என்பர். பெயரைக் கேட்டளவிலேயே நம் பற்படாகம் அது என்பது விளங்கிவிடுகின்றதன்றோ?

இவற்றுக்கு இனிமை சேர்ப்பது பனங்கட்டி. பனம்பாளையிலிருந்து வடியும் சாறு, உட்புறம் சுண்ணாம்பு தடவிய முட்டியில் விழுந்தால் புளிக்காது; அதுவே கருப்பநீர். சுண்ணாம்பில்லாத முட்டியில் விழுந்தால் சில மணி நேரத்தில் நொதித்துக் கள்ளாகும். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுபவரும் ஒருவரே. மயக்கும் பானத்தையும் மயக்காத பானத்தையும் பிரிப்பது ஒரு விரற்சுண்ணாம்பு. 1904ஆம் ஆண்டிலும், மதுவரிச் சட்டம் வந்த 1912ஆம் ஆண்டிலும் இத்தீவில் மதுவிலக்கு இயக்கம் ஓங்கியெழுந்தது. தீமையென்று ஒன்றைத் தள்ளும்போது அதனருகிலேயே நன்மை ஒன்று நிற்பதை இம்முட்டி நமக்கு நினைவூட்டுகின்றது.

ஐரோப்பியர் நம் மூலிகைகளை அலட்சியம் செய்தனர் என்று நினைப்பதும் தவறாகும். ஒல்லாந்தக் கும்பனியின் மருத்துவராய் 1672இல் இங்கு வந்த பவுல் எர்மன், செடிகளைச் சேகரித்து உலர்த்தி, உள்நாட்டு மக்கள் வழங்கிய பெயர்களையும் குறித்துவைத்தார். அத்தொகுதியைக் கொண்டே இலின்னேயசு 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அவ்வுலர்ந்த செடிகள் இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. 1868இல் ஆங்கில அரசின் ஆதரவில் வெளிவந்த இந்திய மருந்து நூலில் நன்னாரியும் இடம்பெற்றது. நம்மவர் சொன்ன பெயர் அயலார் ஏட்டில் ஏறியது. நம் பிள்ளைகளின் நாவிலிருந்தோ அது மெல்ல இறங்கிற்று.

இறங்கியது எவ்வாறு? மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை 1869ஆம் ஆண்டு முதல் இலைநோய் தாக்கி அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே யேமிசு தெயிலர் என்பார் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை எழுந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பால் அது உலகெங்கும் சென்றது. காலப்போக்கில் நம் குசினிக்குள்ளும் புகுந்தது. தேநீரை நான் குறைகூற வரவில்லை. நானும் காலையில் அதனையே அருந்துகின்றேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தேநீருக்குச் செடியை அறியவேண்டியதில்லை. பொட்டலத்தை அறிந்தாற் போதும். விருந்தினர்க்கு அளிக்கும் பானம் பொட்டலத்திலிருந்து வரத் தொடங்கிய நாளில், வேலியைப் பார்க்கும் கண் நமக்குத் தேவையற்றதாயிற்று. எனினும், நோயாளிக்குக் கொடுக்கும் மல்லிக் குடிநீரை நாம் 'மல்லிக் கோப்பி' என்றே அழைத்தோம். பழையது புதியதன் பெயரைப் போர்த்துக்கொண்டு உயிர்பிழைத்தது!

1990ஆம் ஆண்டின் பின், குடாநாட்டுக்குப் பொருள்கள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், நான் இருபது வயது இளைஞன். சீனி அரிதாயிற்று; மருந்தும் அரிதாயிற்று. அப்போது என் தாயார் ஆவரசம்பூவை நிழலில் உலர்த்தித் தகரப்பேணியில் இட்டுவைத்தார். மாலையில் அதைக் காய்ச்சி, பனங்கட்டிக் கடியோடு எமக்குத் தருவார். கடைகள் வெறுமையானபோதும் எங்கள் வீட்டுக்கு வந்தவர் தாகத்தோடு திரும்பியதில்லை.

இவ்வாறு கூறுவதால், மூலிகை யாவும் நோயனைத்தையும் தீர்க்கும் என்று நான் சொல்வதாகக் கொள்ளவேண்டா. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் கொரோனாத் தொற்றுக்கு அஞ்சிய மக்கள், கேகாலைப் பகுதியில் ஒருவர் காய்ச்சிய பாணியைப் பெற ஆயிரக்கணக்கில் நெருங்கி நின்றதை நாடே கண்டது. ஆராயப்படாத மருந்தைத் தேடித் தொற்றுக்கு வழிவிட்டனர். இதற்கு மாறான வழியும் நம் நாட்டிலேயே உண்டு. 'கொத்தலஹிம்புட்டு' என்னும் கொடியிலிருந்து செய்த பானத்தை, நீரிழிவுள்ள 51 பேரிடம் முறையாகச் சோதித்து, பயன் கண்டு, 2005இல் வெளியிட்டனர் இலங்கை ஆராய்ச்சியாளர். நம்பிக்கைக்கும் அறிவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே. ஆயினும், நற்பெயர் பெற்ற மூலிகைக்கு வேறோர் ஆபத்து உண்டு. வேரையும் தண்டையும் வெட்டுவோர் பெருகினால், மெல்ல வளரும் கொடி காட்டிலிருந்தே மறைந்துபோகும். வீட்டில் அருந்தும் பானமும் அளவோடிருத்தல் வேண்டும். மருந்துண்போரும் கருவுற்றோரும் வைத்தியரைக் கேட்டே அருந்துதல் வேண்டும்.

இறுதியாக, என்மேற் சாரும் ஒரு பிழையைச் சொல்லி முடிக்கின்றேன். சில ஆண்டுகளின் முன் எம் பாடசாலையில் சிரமதானம் நடைபெற்றது. வேலியோரம் புதர்மண்டிக் கிடக்கின்றதென்று, அதனை அடியோடு செதுக்கும்படி அதிபராகிய நானே பணித்தேன். மாணவரும் மகிழ்ச்சியோடு செய்து முடித்தனர். மறுநாட் காலை ஒரு மாணவியின் பாட்டியார் வந்து, வெறுந்தரையைப் பார்த்துச் சற்று நேரம் நின்றார். பின்பு, "தம்பி, இதிலை நிண்ட தேங்காய்ப்பூக்கீரை எங்கை? கிழமையிலை ரெண்டு நாள் பிடுங்கிக்கொண்டுபோய் அவிச்சுக் குடிக்கிறனான்" என்றார். என்னால் மறுமொழி கூற இயலவில்லை. கலைப்பட்டம் பெற்றவன் நான்; பாடசாலைக் கையெழுத்துக்கூட அறியாதவர் அவர். அந்த வேலியை வாசிக்கத் தெரிந்தவரோ அவரே.

அடுத்த மாரிமழையோடு அச்செடி மீண்டும் முளைத்தது. இம்முறை ஏழாம் வகுப்பு மாணவர் அப்பாட்டியாரை அழைத்துவந்து, ஒவ்வொரு செடியாகப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டனர். அன்று பதினான்கு பெயர்கள் கிடைத்தன. அவற்றுள் ஐந்தை நானும் அன்றுதான் அறிந்தேன்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் அத்தகைய முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். வேலியைச் செதுக்குமுன் அவரிடம் ஒரு சொல் கேளுங்கள்.