92 இறாத்தல் பிள்ளைகள்



"உந்தப் பெரிய கழகங்களோட ஏன் எங்கட பிள்ளையளை விளையாட விடுறியள்?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. 13 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்டக் குழு ஒன்றைச் சில வருடங்களாகப் பயிற்றுவித்து வருகிறேன். எதிரணிப் பிள்ளைகளில் பாதிப்பேர் எங்கள் பிள்ளைகளைவிட ஒரு தலை உயரம். ஒன்பது கோல் வாங்கிவிட்டு அழுதுகொண்டு காரில் ஏறும் மகனைப் பார்க்கிற தாய்க்கு அந்த இடத்தில் நின்று வரலாறு சொல்ல முடியாது. வானொலியில் சொல்லலாம். ஆகவே இம்மாத உரைக்கு 1957ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டேன்.

இடம், மெக்சிக்கோவின் வடக்கிலுள்ள மொன்டெர்ரே. உருக்காலையும் தொழிற்சாலைகளும் நிறைந்த நகரம். அங்கே 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பேஸ்போல் குழுக்கள் ஆரம்பிக்கப்பட்டு அதிக காலம் ஆகியிருக்கவில்லை. பேஸ்போல் தெரியாதவர்கள் ஊரில் நாங்கள் ஆடிய எல்லேயை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தை அடிப்பது, அடித்துவிட்டுக் குறித்த இடங்களைத் தொட்டுச் சுற்றி ஓடி வருவது. கல்லும் கண்ணாடித் துண்டும் கிடந்த வெறுங்காணியைத் துப்புரவாக்கித்தான் பிள்ளைகள் மைதானம் கண்டார்கள். பயிற்றுநர் சேசார் ஃபாஸ், ரெக்சாஸின் சான் அன்ரோனியோ நகரில் தொழில்முறைக் குழுவொன்றின் உடைமாற்றும் அறையில் சிற்றூழியம் பார்த்தவர். பெயர்பெற்ற ஆட்டக்காரர் அல்ல. ஆனால் பெரிய ஆட்டக்காரர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். பயிற்றுநர் ஒருவருக்கு அது குறைந்த தகுதி என்று நான் நினைக்கவில்லை.

லிட்டில் லீக் எனப்படும் சிறுவர் சுற்றுப்போட்டியின் ஆரம்ப ஆட்டங்கள் எல்லைக்கு அப்பால், ரெக்சாஸின் மக்அலன் நகரில் நடந்தன. பிள்ளைகள் பாலத்தை நடந்து கடந்து அமெரிக்காவுக்குள் போனார்கள். தோற்றுவிட்டு உடனே திரும்பி வருவார்கள் என்ற கணக்கில்தான் விசாவும் கைச்செலவுப் பணமும். அவர்கள் தோற்கவில்லை. அதுதான் சிக்கலாகிப் போனது! விசா முடிகிறது, காசு முடிகிறது, ஆட்டம் மட்டும் முடிகிறதாக இல்லை. விசாவை நீடித்துத் தரும்படி கேட்க வேண்டியதாயிற்று. முன்பின் அறியாதவர்கள் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள். மெக்சிக்கர்களை உள்ளே விடாத உணவகங்களும் அன்றைய ரெக்சாஸில் இருந்தன. இந்தப் பகுதியை எங்கள் நேயர்களுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இப்படியே வென்று வென்று பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போட் நகருக்கு வந்துவிட்டார்கள். 1957 ஆகஸ்ட் 23, இறுதிப் போட்டி. எதிரணி கலிபோர்னியாவின் லா மேசா. அவர்களின் சராசரி உயரம் 5 அடி 4 அங்குலம், நிறை 127 இறாத்தல். மொன்டெர்ரேப் பிள்ளைகள் 4 அடி 11 அங்குலம், 92 இறாத்தல்.

பந்து வீசியவன் 12 வயது ஆன்ஹெல் மசியாஸ். இரண்டு கையாலும் வீசக்கூடியவன், அன்று வலக்கையால் மட்டும் வீசினான். சிறுவர் ஆட்டத்தில் ஆறு சுற்று, சுற்றுக்கு மூன்று பேரை வெளியேற்ற வேண்டும். அடிக்க வந்த 18 பேரும் முதல் தரிப்பிடத்தைக்கூடத் தொடாமல் திரும்பினார்கள். 11 பேரால் பந்தைச் சரியாக அடிக்கவே முடியவில்லை. மிச்சம் ஏழு பேர் அடித்ததும் கிட்ட நின்ற பிள்ளைகளைத் தாண்டிப் போகவில்லை. முடிவு 4–0. அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் அணி அதுதான். 13 ஆட்டம், 13 வெற்றி.

இதை அற்புதம் என்று சொல்பவர்கள் உண்டு. 2010இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த படமும் ஏறக்குறைய அப்படித்தான் காட்டுகிறது. எனக்கு அந்தச் சொல்லோடு உடன்பாடில்லை. அந்த ஏழு பேரின் அடியை யோசித்துப் பாருங்கள். பந்தைத் தூரம் அடிக்க 127 இறாத்தல் உடம்பு உதவும். தரையோடு வரும் பந்தைக் குனிந்து எடுத்துச் சரியான இடத்துக்கு எறிவதற்கு, ஆயிரம் தரம் குனிந்து எடுத்துப் பழகியிருக்க வேண்டும். பந்தை நினைத்த இடத்தில் போடுவதும் அப்படியே. எங்கள் குழு ஒன்பது கோல் வாங்கிய ஆட்டத்திலும் நான் எண்ணிக் குறித்து வைப்பது, பந்தை முதற்தொடுகையிலேயே நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான். பெற்றோருக்கு இது சமாதானம் சொல்வதுபோலப் படும். பரவாயில்லை.

பலமானவரை மடக்க வேறு வழியும் உண்டு. மல்கம் கிளாட்வெல் 2009இல் 'நியூ யோக்கர்' சஞ்சிகையில் எழுதிய கதை அது. கலிபோர்னியாவின் ரெட்வூட் சிற்றியில் 12 வயதுச் சிறுமிகளின் கூடைப்பந்து அணி. பயிற்றுநர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்த மென்பொருள் தொழிலதிபர், கூடைப்பந்து ஆடியே அறியாதவர். தன் பிள்ளைகளுக்குத் திறமை குறைவு என்று கண்டு, எதிரணி பந்தை உள்ளே எறிய விதி தரும் ஐந்து செக்கனுக்குள்ளேயே மறிக்கச் சொன்னார். ஆட்டம் முழுக்க, எல்லா ஆட்டத்திலும் மறித்தார்கள். தேசியப் போட்டிவரை போனார்கள். எதிரணிப் பயிற்றுநர்களுக்குக் கடுங்கோபம். விதிக்கு உட்பட்ட ஆட்டம்தான், கெட்டித்தனமும் கூட. ஆனாலும் என் பிள்ளைகளுக்கு அதை மட்டும் சொல்லிக்கொடுக்க எனக்கு மனமில்லை. எதிரணி அந்த மறிப்பைத் தாண்டப் பழகிவிட்டால் எங்கள் கையில் என்ன மிஞ்சும்?

மொன்டெர்ரேயில் மிஞ்சியது. 1958இலும் அந்த நகரத்துப் பிள்ளைகள் வந்தார்கள். வயதெல்லை காரணமாகப் பெரும்பாலும் வேறு பிள்ளைகள். இறுதிப் போட்டியில் இலினோய் மாநிலத்தின் கங்ககீ அணியை 10–1 என்று வென்றார்கள். அற்புதம் என்றவர்கள் இந்த இரண்டாம் வருடத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

முதல் வருடத்துப் பிள்ளைகளை ஜனாதிபதி ஐசனோவர் வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். ஊர் திரும்பியபோது மொன்டெர்ரே வீதிகளில் பெருங்கூட்டம். மசியாஸ் பின்னர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார், ஆனால் அமெரிக்காவின் மேல்மட்ட லீக்கில் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் உயர்பள்ளிப் படிப்புக்கு மெக்சிக்கோ அரசு புலமைப்பரிசில் வழங்கியது. தாய்மார் முதலில் கேட்கப்போவது இந்தப் படிப்பு விடயத்தைத்தான் என்று தெரிந்தே கடைசிக்கு வைத்திருந்தேன்.