17 சீஸ் டு உலகின் நம்பர் 1 பால் கம்பெனி... முகம் காட்டாத ஒரு குடும்பத்தின் கதை!

சென்னைக் கடைகளில் திருமலா பால் பாக்கெட்டைப் பார்த்திருப்பீங்க. பேரைக் கேட்டதும் நமக்குத் திருப்பதிதான் ஞாபகத்துக்கு வரும். ஆந்திராக்காரங்க ஆரம்பிச்ச பிராண்டுதான் அது. ஆனா, 2014-லிருந்து அதன் உரிமையாளர் பிரான்ஸில் இருக்கும் ஒரு குடும்பம். நிறுவனத்தின் பெயர் லாக்டாலிஸ், குடும்பத்தின் பெயர் பெனியே.

விற்பனையில் உலகின் மிகப் பெரிய பால் நிறுவனம் இதுதான். 2023-ல் மட்டும் இவர்களின் விற்பனை 29 பில்லியன் யூரோவுக்கும் மேல். அமுல், நெஸ்லே என்றால் எல்லோருக்கும் தெரியும். லாக்டாலிஸ் மட்டும் ஏன் யாருக்கும் தெரியவில்லை? தெரியாமல் இருப்பதையே ஒரு பழக்கமாக வைத்திருந்த குடும்பம் இது. அந்தப் பழக்கம் எப்படி வளர்ந்தது, ஒருநாள் எப்படித் திருப்பி அடித்தது என்பதைப் பார்க்கலாம் வாங்க.

35 லிட்டர் பால், 17 சீஸ்

பிரான்ஸின் வடமேற்கில், நார்மண்டிக்குத் தெற்கே இருக்கும் ஊர் லவால். அங்கே மரப்பீப்பாய் செய்யும் தொழில் தெரிந்த ஆந்த்ரே பெனியே, 1933-ல் சீஸ் தயாரிப்பில் இறங்கினார். முதல் நாள் வாங்கிய பால் 35 லிட்டர். அதில் கிடைத்தது 17 கமம்பேர் சீஸ்.

கமம்பேர் நம்ம ஊர் பீட்சாவில் போடுகிற மாதிரி இழுபடும் சீஸ் இல்லை. பாலைத் திரிய வைத்து, வட்ட அச்சில் ஊற்றி, உப்புப் போட்டு, மேலே ஒரு வகை வெள்ளைப் பூஞ்சையை வளரவிட்டு, சில வாரங்கள் பழுக்க வைப்பார்கள். வெளியே வெள்ளைத் தோல், உள்ளே வெண்ணெய் மாதிரி குழைவு. சுமார் 250 கிராம் எடையுள்ள ஒரு வட்டத்துக்கு 2 லிட்டருக்கும் மேல் பால் தேவை.

அந்த முதல் சீஸுக்கு ஆந்த்ரே வைத்த பெயர் 'லெ பெத்தி லவல்லுவா'. நம்ம பாஷையில சொன்னா, 'லவால் ஊரு சின்னப் பையன்'. தன் பெயரைவிட ஊர்ப் பெயரைத்தான் முன்னால் நிறுத்தினார்.

மகன் பிடித்த 'பிரசிடென்ட்'

1955-ல் ஆந்த்ரே இறந்ததும் மகன் மிஷெல் பெனியே பொறுப்புக்கு வந்தார். அப்போது பிரான்ஸில் சூப்பர் மார்க்கெட்டுகள் வளர ஆரம்பித்திருந்தன. உள்ளூர் சந்தைக்கு மட்டும் சீஸ் செய்தால் போதாது, நாடு முழுக்க ஒரே பெயரில், ஒரே சுவையில் கிடைக்க வேண்டும் என்பது மிஷெலின் கணக்கு. 1968-ல் 'பிரசிடென்ட்' என்ற பிராண்டைக் கொண்டுவந்தார். 'பிரான்ஸில் எல்லோரும் ஏதாவது ஒன்றுக்குத் தலைவர்தான், அதனால் இந்தப் பெயர் எல்லோருக்கும் பிடிக்கும்' என்று நினைத்து வைத்த பெயர் என்று சொல்வார்கள்.

அடுத்து மிஷெல் செய்தது ஷாப்பிங்! போட்டிக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கினார். 1990-ல் பிரிட்டனி பகுதியின் பழைய பால் குடும்பமான பிரிடெல். 1992-ல், செம்மறி ஆட்டுப் பாலில் செய்து குகைகளில் பழுக்க வைக்கும் ரோக்ஃபோர் சீஸின் பெரிய பிராண்டான சொசியெத்தே.

1999-ல் ஒரு முக்கியமான மாற்றம். அதுவரை 'பெனியே' என்றே இருந்த நிறுவனத்தின் பெயர் 'லாக்டாலிஸ்' ஆனது. குடும்பத்தின் பெயர் போர்டிலிருந்தே இறங்கியது.

29 வயதில் முதலாளி

2000-ல் மிஷெல் திடீரென்று இறந்தார். மகன் எம்மானுவேல் பெனியே தலைமைக்கு வந்தபோது அவருக்கு வயது 29. பேட்டி கிடையாது, மேடைப் பேச்சு கிடையாது, போட்டோவே அபூர்வம். ஆனா, வாங்கிப்போடும் வேகம் மட்டும் அப்பாவையே மிஞ்சியது.

* 2006: இத்தாலியின் கல்பானி. மொசரெல்லா சீஸுக்குப் பெயர் பெற்றது.
* 2011: இத்தாலியின் இன்னொரு பெரிய பால் நிறுவனமான பார்மலாட்.
* 2014: நம்ம திருமலா. தொடர்ந்து 2016-ல் இந்தோரின் அனிக், 2019-ல் மகாராஷ்டிராவின் பிரபாத் ஆகியவற்றின் பால் வணிகம்.
* 2021: அமெரிக்காவில் கிராஃப்ட் ஹெய்ன்ஸின் இயற்கை சீஸ் பிரிவு.

வாங்கிய பிறகும் பெரும்பாலும் பழைய பெயரிலேயே விற்பார்கள். இத்தாலிக்காரர் கல்பானி என்றுதான் கேட்டு வாங்குவார், சென்னைக்காரர் திருமலா என்றுதான் கேட்பார். லாக்டெல் என்ற பெயரில் பால், பிரசிடென்ட் என்ற பெயரில் வெண்ணெயும் சீஸும், இன்னும் தயிர், கிரீம், குழந்தைகளுக்கான பால் பவுடர் என எல்லாம் ஒரே குடும்பத்தின் சரக்கு.

சீஸ் சண்டை

இவ்வளவு பெரிசா செய்யும்போது ருசி, பாரம்பரியம் எல்லாம் என்ன ஆகும்? 2007-ல் இது பிரான்ஸில் பெரிய சண்டையானது. 'கமம்பேர் தெ நார்மண்டி' என்ற பாதுகாக்கப்பட்ட பெயரைப் போட வேண்டுமென்றால், காய்ச்சாத பாலில்தான் செய்ய வேண்டும் என்பது விதி. நம்ம ஊரில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருப்பது மாதிரி. பச்சைப் பாலில் கிருமி ஆபத்து இருக்கிறது என்று சொல்லி, லாக்டாலிஸ் தன் பிராண்டுகள் சிலவற்றில் பாலைச் சூடாக்க ஆரம்பித்தது. அதனால் அந்தப் பெயரைப் போடும் உரிமையும் போனது. விதியையே மாற்றக் கேட்டார்கள், பாரம்பரியத் தயாரிப்பாளர்கள் விடவில்லை. பாதுகாப்புதான் முக்கியம் என்று அன்று வாதாடிய நிறுவனம், பத்து வருஷம் கழித்து அதே பாதுகாப்பு விஷயத்தில்தான் மாட்டியது.

விவசாயிகள் வாசலில்

அதற்கு முன்னால் இன்னொரு பிரச்னை. 2015-ல் ஐரோப்பிய ஒன்றியம் பால் உற்பத்திக்கான கட்டுப்பாட்டை நீக்கியது. பால் பெருகியது, விலை விழுந்தது. 2016 ஆகஸ்ட்டில் லிட்டருக்குச் சுமார் 26 சென்ட்தான் தருகிறார்கள் என்று விவசாயிகள் டிராக்டர்களோடு வந்து லவால் தலைமையகத்தை முற்றுகையிட்டார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு விலை உயர்ந்தது.

அந்தச் சமயத்தில் அதிகம் பேசப்பட்ட விஷயம், லாக்டாலிஸ் தன் வரவு செலவுக் கணக்கை வெளியிடுவதில்லை என்பது. சட்டப்படி வெளியிட வேண்டும். இல்லையென்றால் அபராதம். அபராதமே பரவாயில்லை என்று இருந்தார்கள். பாலுக்கு நியாய விலை என்ன என்று விவசாயி பேரம் பேச வேண்டுமென்றால், வாங்குபவரின் லாபம் தெரிய வேண்டும் இல்லையா?

2017 டிசம்பர்: பால் பவுடரில் கிருமி

க்ரான் என்ற ஊரில் லாக்டாலிஸின் பால் பவுடர் ஆலை இருக்கிறது. அங்கே தயாரான பவுடரைக் குடித்த 30-க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளுக்கு சால்மொனெல்லா கிருமித் தொற்று வந்தது. பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. குழந்தைகள் குணமடைந்தார்கள். ஆனா, பெற்றோரின் கோபம் அடங்கவில்லை. காரணம் இருந்தது.

சரக்கைத் திரும்பப் பெறுவதாக முதலில் அறிவித்தது சில பேட்ச்களுக்கு மட்டும். அப்புறம் இன்னும் கொஞ்சம். அப்புறம் ஆலையின் மொத்தச் சரக்கும். கடைசியில் கணக்கு 83 நாடுகள், 1.2 கோடி டப்பாக்கள்! அறிவிப்புக்குப் பிறகும் பிரான்ஸின் சில பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் அந்த டப்பாக்கள் விற்பனையாகின.

அதைவிட அதிர்ச்சியான தகவல்கள் பின்னால் வந்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட்டிலும் நவம்பரிலும் ஆலைக்குள் நடந்த சோதனைகளில் சால்மொனெல்லா தடயம் கிடைத்திருந்தது. அதை அரசுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் அப்போது சட்டத்தில் இல்லை. இன்னொன்று, 2005-ல் இதே ஆலையின் பவுடரால் 140-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அப்போது ஆலை வேறு நிறுவனத்திடம் இருந்தது, லாக்டாலிஸ் வாங்கியது 2006-ல். இரண்டு முறையும் வந்தது ஒரே வகைக் கிருமி என்று பாஸ்டர் நிறுவனம் கண்டறிந்தது. ஆலை கைமாறியபோது கிருமியும் கூடவே வந்திருக்கிறது.

2018 ஜனவரியில், முகமே காட்டாத எம்மானுவேல் பெனியே முதன்முறையாகப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு தருவதாகச் சொன்னார். அதே ஆண்டில் சட்டமும் மாறியது. ஆலையின் சொந்தச் சோதனையில் ஆபத்தான கிருமி தெரிந்தால், அதை அரசுக்குத் தெரிவிக்கும் கடமை வந்தது. வழக்கும் ஓயவில்லை. 2023-ல் நிறுவனத்தின் மீது முறைப்படி குற்ற விசாரணை தொடங்கியது.

முகம் தெரிந்தால் மட்டும் போதுமா?

'அப்போ முதலாளி வெளியே வந்து பேசினா சரியாயிடுமா?' என்று கேட்டால், பார்மலாட் கதையைப் பாருங்கள். அதுவும் குடும்ப நிறுவனம்தான். 1961-ல் கலிஸ்டோ டான்சி ஆரம்பித்தது. அவர் ஒளிந்திருக்கவே இல்லை. ஃபுட்பால் கிளப், விளம்பரம் என ஊருக்கே தெரிந்த முகம். ஆனா, 2003-ல் கணக்கில் சுமார் 14 பில்லியன் யூரோ ஓட்டை வெளியே வந்தது. வங்கியில் இருப்பதாகச் சொன்ன கிட்டத்தட்ட 4 பில்லியன் யூரோ, இல்லவே இல்லை!

ஒரு குடும்பம் முகத்தை மறைத்தது, இன்னொன்று கணக்கையே பொய்யாக எழுதியது. பாலை நம்பிக் குடிப்பவருக்கு முதலாளியின் போட்டோ தேவையில்லை. சோதனை முடிவும் கணக்கும்தான் தேவை.

நீங்க என்ன செய்யலாம்?

எந்த பிராண்டாக இருந்தாலும் சரி, பாக்கெட்டின் முன்பக்கப் பெயரோடு நிறுத்தாதீங்க. பின்பக்கம் திருப்பினால் மூன்று விஷயங்கள் இருக்கும்.

1. தயாரித்தது யார், எந்த ஆலை என்ற முகவரி.
2. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிமம். 14 இலக்க எண்.
3. பேட்ச் எண்ணும் கடைசித் தேதியும்.

முக்கியமா, வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பால் பவுடர் டப்பா தீரும்வரை பேட்ச் எண்ணைக் கிழித்துப் போடாதீங்க. பவுடரை வேறு டப்பாவில் கொட்டினால், அந்த எண்ணை ஒரு போட்டோ எடுத்து மொபைலில் வெச்சுக்கோங்க. 2017-ல் பிரான்ஸ் பெற்றோர் தங்கள் கையில் இருந்தது ஆபத்தான டப்பாவா இல்லையா என்று தெரிந்துகொள்ள உதவியது அந்தச் சின்ன எண்தான்!