ஊர் ஊராகப் போன வயலின்

ஐரோப்பாவில் தேர்ந்த வயலின் கலைஞர் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் பெரும்பாலும் ஏதேனும் ஓர் அரசவையில் சம்பளத்துக்கு இருந்தார். வெளியூர்க் கச்சேரி என்றால் பிரபுவிடம் விடுப்புக் கேட்டுத்தான் புறப்பட வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிக்கும் நெப்போலியன் போர்களுக்கும் பின் பல அரசவைகள் நொடித்தன. நகரங்களில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக் கேட்கும் கூட்டம் பெருகியது. கலைஞர் பயணத்தையே தொழிலாகக் கொள்ள இந்த மாற்றம் வழி திறந்தது.

அந்தத் தொழிலின் தொடக்க காலத்தை அறிய, ஜெர்மானிய வயலின் கலைஞர் லூயி ஸ்போர் (1784–1859) எழுதிய தன்வரலாற்றைப் போல உதவும் நூல் வேறில்லை. 1802-இல் ஆசிரியர் பிரான்ஸ் எக்குடன் ரஷ்யாவுக்குப் புறப்பட்டபோதே அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டார். புதிய ஊருக்குப் போனதும் அறிமுகக் கடிதங்களோடு பெரிய மனிதர்களின் வீடுகளுக்குப் போக வேண்டும். மண்டபம் பேச வேண்டும். உள்ளூர் வாத்தியக்காரர்களைத் திரட்டி ஒத்திகை பார்க்க வேண்டும். சீட்டும் விற்க வேண்டும். வாடகை, விளக்கு, கூலி எல்லாம் போக மிஞ்சியதுதான் கலைஞருக்கு. வாசிப்பதற்குச் செலவான உழைப்பைவிட வாசிக்க இடம் தேடுவதற்குச் செலவான உழைப்பே அதிகம்.

ரஷ்யாவில் அன்பளிப்பாகக் கிடைத்த குவார்னேரி வயலினை ஸ்போர் 1804-இல் இழந்தார். கோட்டிங்கன் நகரை நெருங்கும்போது, வண்டியின் பின்புறம் கட்டியிருந்த பெட்டியைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். பிறகு வயலின் உறை வெறுமையாக வயலில் கிடைத்தது. அதன் மூடியில் மாட்டியிருந்த வில் மட்டும் தப்பியிருந்தது. அவர் பணியில் இருந்த அரசவையின் பிரபு பணம் கொடுத்து உதவினார். வேறொரு வயலினோடு அதே ஆண்டு டிசம்பரில் லைப்சிக்கில் அவர் செய்த கச்சேரிதான் ஜெர்மனி முழுவதும் பெயர் வாங்கித் தந்தது.

1806-இல் அவர் மணந்த டோரெட் சிறந்த ஹார்ப் கலைஞர். இருவரும் சேர்ந்து வாசிக்க, ஹார்ப்பைப் பத்திரமாக ஏற்றிச் செல்வதற்கென்றே ஒரு பயண வண்டி செய்யப்பட்டது. குளிரிலும் ஈரத்திலும் ஹார்ப்பின் தந்திகள் அறுந்துகொண்டே இருந்தன. ஸ்போர் அதற்கு ஒரு வழி கண்டார்: ஹார்ப்பை அரைச் சுரம் இறக்கிக் கட்டினார், ஹார்ப்புக்கு ஒரு சுருதியிலும் வயலினுக்கு வேறொரு சுருதியிலும் இசை எழுதினார். எடுத்துக்காட்டாக, ஹார்ப் பகுதி ஈ பிளாட்டில் இருந்தால் வயலின் பகுதி டி மேஜரில் இருக்கும். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். தந்திகளின் இறுக்கம் குறைந்தது. இரண்டு வாத்தியங்களும் தமக்கு மிகவும் பொருந்தும் சுருதியில் பேசின. அறுந்த தந்திகளின் தொல்லையிலிருந்து இப்படி ஒரு சொனாட்டா வரிசையே பிறந்தது. ஆனால் டோரெட்டின் உடல் தாங்கவில்லை. 1820-இல் லண்டனில் அவர் எடுத்துக்கொண்ட புதுவகை ஹார்ப் முன்னதைவிடப் பளுவானது. களைத்துப்போன அவர் அந்த வாத்தியத்தையே கைவிட்டுப் பியானோவுக்கு மாறினார். தாடையைப் பதித்து வயலினைப் பிடித்துக்கொள்ள உதவும் மரத்துண்டை ஸ்போர் உருவாக்கியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

பயணம் இசையின் வடிவத்தையே மாற்றியதற்கு, இத்தாலிப் பயணத்துக்காக ஸ்போர் எழுதிய எட்டாவது வயலின் கன்செர்ட்டோ சான்று. இத்தாலியரின் காது ஓபராவில் தோய்ந்தது. அங்குள்ள ஆர்கெஸ்ட்ராக்கள் கடினமான பகுதிகளுக்குப் பழகாதவை. இந்த இரண்டையும் மனத்தில் கொண்டு, ஓபராக் காட்சியில் பாடகர் பாடுவதுபோல வயலின் பாடும்படியும் ஆர்கெஸ்ட்ராவுக்கு எளிதாக இருக்கும்படியும் அதை எழுதினார். 1816 செப்டம்பரில் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் அது அரங்கேறியது.

இத்தாலிய வயலின் கலைஞர் நிக்கோலோ பகனினி 1828-இல் வியன்னாவுக்கு வந்தபோது இத்தொழிலின் அளவே மாறியது. ஜெர்மனி, வார்சா, பாரிஸ், பிரிட்டன் என ஆறு ஆண்டுகள் அவர் சுற்றினார். லண்டனில் சீட்டு விலையை அவர் இரட்டிப்பாக்க, பத்திரிகைகள் கொதித்தன. அதற்கு முன்பே பிராகில் தாடையில் அறுவைச் சிகிச்சை நடந்து, பற்கள் போயிருந்தன. நோயுற்ற உடலோடும் சிறு வயது மகன் அக்கிலேயோடும்தான் அவர் வண்டியேறினார். அவரைச் சாத்தான் என்று சொன்ன கதைகளை விட, இந்த உண்மையே நினைவில் நிற்கத் தக்கது.

போகும் நாட்டின் மெட்டை எடுத்து விரிவுபடுத்தி வாசிப்பது பயணக் கலைஞரின் மரபானது. பகனினி பிரிட்டனின் அரச வாழ்த்துப் பாடலுக்கு மாற்றுருக்கள் அமைத்தார். பெல்ஜியத்தின் ஆன்ரி வியூதாம் 1843-இல் அமெரிக்கா சென்றபோது 'யாங்கி டூடில்' மெட்டை எடுத்துக்கொண்டார். இவற்றைக் கூட்டத்தைக் கவரும் வித்தை என்று தள்ளிவிடுவது சரியல்ல. மொழி தெரியாத ஊரில், அவ்வூரார் நெஞ்சில் இருக்கும் பாட்டை வாசித்து வணக்கம் சொன்ன பண்பு அது.

நீராவிக் கப்பலும் ரயிலும் வந்தபின் தூரம் சுருங்கியது, ஓய்வும் சுருங்கியது. போலந்தின் ஹென்ரிக் வீனியாவ்ஸ்கியும் பியானோ மேதை அன்டன் ரூபின்ஸ்டைனும் 1872–73-இல் அமெரிக்காவில் எட்டே மாதங்களில் 215 கச்சேரிகள் செய்தார்கள். பீட்டர்ஸ்பர்கில் உடல்நலம் கெட்டு அடிக்கடி கச்சேரிக்கு வராமல் போன வீனியாவ்ஸ்கி, அமெரிக்காவில் ஒரு கச்சேரியைக்கூடத் தவறவிடவில்லை. வராத ஒவ்வொரு நாளுக்கும் 1,000 பிராங்க் அபராதம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததே காரணம் என ரூபின்ஸ்டைன் பதிவு செய்திருக்கிறார். அத்தகைய பயணத்தில் கலைக்கு இடமில்லை, மனிதன் இயந்திரமாகிவிடுகிறான் என்பதே அவர் முடிவு. பின்னர் வந்த பெருந்தொகை அழைப்பையும் அவர் ஏற்கவில்லை.

வீனியாவ்ஸ்கியால் நிறுத்த முடியவில்லை. 1878-இல் பெர்லினில் தம் கன்செர்ட்டோவை வாசித்துக்கொண்டிருக்கையில் மூச்சுத் திணறி நின்றுபோனார். அவையில் இருந்த வயலின் கலைஞர் யோசெப் யோவாகிம் மேடையேறி, அவர் வயலினையே வாங்கி, பாக்கின் 'சக்கோன்' வாசித்துக் கச்சேரியைக் காப்பாற்றினார். 1880-இல், இன்னொரு பயணத்தின் இடையில், மாஸ்கோவில் வீனியாவ்ஸ்கி இறந்தார். வயது 44. அமெரிக்காவின் சிற்றூர்களுக்கெல்லாம் வயலினைக் கொண்டுசென்ற மாட் பவல் 1919 நவம்பரில் மேடையிலேயே மயங்கி விழுந்தார். மறுபடியும் பயணம் கிளம்பி, 1920 ஜனவரியில் பென்சில்வேனியாவின் யூனியன்டவுனில் உயிர்விட்டார்.

விமானம் வேறு வகை ஆபத்தைக் கொண்டுவந்தது. முப்பது வயது வயலின் கலைஞர் ஜினெட் நெவூ, அமெரிக்கக் கச்சேரிகளுக்காகப் பறந்தபோது 1949 அக்டோபரில் அசோர்ஸ் தீவுகளில் நடந்த விபத்தில், தமக்குப் பியானோ வாசித்துவந்த அண்ணனோடு இறந்தார். 1953 செப்டம்பரில் ஆல்ப்ஸ் மலையில் மோதிய விமானத்தில் வயலின் கலைஞர் ஷாக் திபோவும் அவருடைய 1720-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவேரியஸ் வயலினும் அழிந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைவீரர்களுக்காக 500-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்த வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹின், ஓயாப் பயணத்தால் தளர்ந்த உடலோடு 1952-இல் இந்தியா வந்தார். பம்பாயில் பி.கே.எஸ். ஐயங்காரிடம் யோகம் கற்கத் தொடங்கினார்; அது தம் வாசிப்புக்கு உதவியதாகக் கடைசிவரை சொன்னார். இந்தியக் கச்சேரிகளின் வருவாயைப் பஞ்ச நிவாரணத்துக்குக் கொடுத்தார். 1965-இல் எடின்பரோ விழாவில் லால்குடி ஜெயராமன் வாசித்ததைக் கேட்டு, தம்மிடமிருந்த இத்தாலிய வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார்.